பிள்ளைக்கு இருதய டியூப் சோதனை: கோலாலம்பூர் வார்டு எப்படி?

மெல்லிய டியூபை இரத்தக்குழாய் வழியாக இருதயம்வரை விட்டுப் பார்க்கும் இந்தச் சோதனையை, சுங்கை சிப்புட்டிலிருந்து மகனைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போய்ச் செய்தோம். டாக்டர் எதையும் மறைக்கவில்லை: தொடை இரத்தக்குழாய் வழியாக டியூப் விடுவதால் அங்கே இரத்தம் கசியலாம், கட்டிக்கொள்ளலாம், குழாய் அடைபட்டால் கால் வெளுத்துச் சில்லிட்டுப் போகும், இருதயத் துடிப்பு கொஞ்ச நேரம் தாறுமாறாகலாம், இருதயச் சுவரில் ஓட்டை விழுவது அபூர்வம், எடை குறைந்த கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று படம் வரைந்து சொன்னார். இப்படிச் சொல்பவர் கிடைப்பது பெரிய விஷயம்.

தாதிகளும் அருமை. இரவில் மகனின் பாதம் சில்லிட்டு நாடி மெலிந்ததைக் கண்டுபிடித்ததே ஒரு தாதிதான். உடனே இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தை ஏற்றினார்கள், அப்புறம் கால் சூடு திரும்பியது. காலை மடக்காமல் மணிக்கணக்கில் படுக்க வைப்பதுதான் பாடு, போனில் கார்ட்டூன் ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரே குறை, வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாள் மலாயில் மட்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பாட்டிமாருக்குத் தமிழிலும் வேண்டும்.