காலி கேமராவையும் கணக்கில் சேர்க்கும் மணலி சேவை

வெல்டிங் ஜாயின்டுகளுக்கு காமா ரேடியோகிராபி, அதாவது காமா கதிரால் உள்ளே ஊடுருவிப் படம், எடுக்கும் கம்பெனிகள் எண்ணூர், மணலி பக்கம் நிறைய. ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) ஆய்வுக்கு முன்னால் அவர்களுடைய சோர்ஸ் (கதிரியக்கப் பொருள்) ஸ்டோரையும் பதிவேட்டையும் சரிபார்த்துத் தரும் சிறிய சேவை ஒன்று மணலியில் இருக்கிறது. தாராளமாகக் கூப்பிடலாம். முக்கியக் காரணம், சோர்ஸ் எடுத்த கேமராவை, அதாவது சோர்ஸை வைக்கும் கவசப் பெட்டியை, இவர்கள் காலிப் பெட்டியாக நினைத்து ஒதுக்குவதில்லை.

சோர்ஸாகப் பயன்படும் இரிடியம்-192 சுமார் 74 நாளில் பாதியாகிவிடும். சோர்ஸ் மாறிக்கொண்டே இருக்கும், கவசம் அப்படியே இருக்கும். கையில் தூக்கும் பல கேமராக்களில் அந்தக் கவசம் டி.யு., அதாவது செறிவு குறைந்த யுரேனியம். சிலவற்றில் 15 கிலோ வரை. சர்வதேச அணுசக்தி முகமையின் சாசனம் 20-ஆம் பிரிவிலேயே இதை அணு மூலப்பொருள் என்கிறது. இந்தியாவில் முகமை ஆய்வாளர்கள் போவது கூடங்குளம் போல முகமையின் கண்காணிப்புப் பட்டியலில் உள்ள இடங்களுக்குத்தான், மணலிக்கு ஏ.இ.ஆர்.பி. வரும். ஏட்டில் இருப்பது இடத்தில் இருக்கிறதா என்பதுதான் இரண்டு பேருக்கும் முதல் கேள்வி.

இவர்கள் வந்ததும் பதிவேட்டைத் திறப்பதில்லை. நேராக பிட்டுக்கு (கேமராக்களை வைக்கும் குழிக்கு) போய், கேமரா நம்பர், சோர்ஸ் நம்பர், சோர்ஸ் தேதி மூன்றையும் தகட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். அதன் பிறகுதான் ஏடு, பிறகு ஏ.இ.ஆர்.பி.யின் ஆன்லைன் தளமான இ-லோரா. ஏட்டை முதலில் பார்த்தால் கண் அதில் உள்ளதையே தகட்டிலும் படிக்கும், அதனால் இது சரியான வரிசை. அதிகம் சிக்குவது, சோர்ஸ் மாற்றியும் பழைய சோர்ஸின் தகடே கேமராவில் தொங்குவது. அடுத்தது, சைட்டுக்குப் போன கேமராவுக்கு வெளியேற்றப் பதிவு இல்லாதது. இரண்டையும்விட மோசம், மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே ஏட்டிலேயே இல்லாமல் கிடக்கும் சோர்ஸ் இல்லாத கேமரா. ஒருநாள் ஸ்டோரைச் சுத்தம் செய்யும்போது அது காயலான் கடைக்குப் போய்விடும்.

கசிவு அளவும் முறையாக எடுக்கிறார்கள்: மேற்பரப்பில் மணிக்கு 2 மில்லிசீவர்ட், 1 மீட்டரில் 20 மைக்ரோசீவர்ட் தாண்டக் கூடாது. சோர்ஸ் இல்லாத கேமராவை ஒட்டி வைத்தாலும் மீட்டர் லேசாக ஏறும். அது யுரேனியத்தின் கதிர்வீச்சு. அந்த அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குறை என்றால், சோர்ஸை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் டிரைவ் கேபிளின் கனெக்டர் தேய்மானத்தைக் கேஜ் வைத்துப் பார்ப்பதில்லை, கேட்டால்தான் செய்கிறார்கள். அந்தத் தேய்மானத்தால் சோர்ஸ் பாதியில் கழன்றுகொள்ளலாம், அதனால் கட்டாயம் கேளுங்கள். எண்ணூர் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் பூட்டுகளையும் அவர்கள் கவனிப்பதில்லை.

ஆய்வு சொல்லாமலும் வரும். எனவே சோர்ஸ் மாற்றிய கையோடு, கேமராக்கள் சைட்டுக்குக் கிளம்பும் முன் இவர்களை வரவழையுங்கள்.