ஷெர்பாவா, கோட்டாவா, ஒஸ்ஸாவா, டி.ஒய்.யா: பழைய டிரையல்ஸ் பைக்கில் எதைப் பிரித்து மேய்வது?

டிரையல்ஸ் போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, ஓடை, சேறு, மரவேர் என்று கயிறு கட்டி ஒதுக்கிய ஒரு துண்டு நிலத்தைக் காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, கடக்கவே முடியாமல் போனால் 5. யார் கணக்கில் புள்ளி குறைவோ அவர்தான் ஜெயித்தவர். இதற்கென்றே செய்த வண்டிகளின் எடை 90 கிலோவைச் சுற்றி இருக்கும். சீட் பேருக்குத்தான், முழு ஓட்டமும் நின்றபடியே. ஆள் நடக்கிற வேகத்தில் பாறை ஏறினாலும் எஞ்சின் அணையாமல் முக்கி இழுக்கும்.

1960-களின் நடுவிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை வந்த, பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பரும் இரு சக்கரத்திலும் டிரம் பிரேக்கும் கொண்ட இந்த வண்டிகளுக்கு ஐரோப்பாவில் இப்போது தனிப் போட்டிப் பிரிவே இருக்கிறது. பழசை வாங்கி, பிரித்து, சரிசெய்து, ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறக்குகிறவர்கள் பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் ஏராளம். அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது நான்கு பெயர்கள்: புல்டாகோ ஷெர்பா டி, மான்டேசா கோட்டா 247, ஒஸ்ஸா மார், யமஹா டி.ஒய்.250. எது சிறந்த வண்டி என்று ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். பிரித்த பிறகு எதைத் திரும்பச் சேர்க்க முடியும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

நான்கும் ஒருவகையில் சொந்தக்கார வண்டிகள். 1940-களில் பார்சிலோனாவில் மான்டேசாவைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பிரான்செஸ்க் புல்டோ. பந்தயத்தை விடுவதா வேண்டாமா என்ற தகராறில் வெளியேறி 1958-ல் புல்டாகோவைத் தொடங்கினார். ஒஸ்ஸாவும் அதே ஊர்தான், பைக்குக்கு முன்னால் சினிமா புரொஜெக்டர் செய்துகொண்டிருந்த கம்பெனி. ஒஸ்ஸாவின் டிரையல்ஸ் வண்டியை உருவாக்கிக் கொடுத்த மிக் ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயரைத்தான் பிறகு யமஹா கூட்டிக்கொண்டு போய் டி.ஒய்.யைச் செய்தது.

ஷெர்பா டி

1964 வரை டிரையல்ஸில் பெரிய பெயர் பிரிட்டிஷ் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்குத்தான். சாமி மில்லர் என்ற ஓட்டுநர் ஏரியல் என்ற 500 சிசி பிரிட்டிஷ் பைக்கில் எல்லாரையும் ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதரை புல்டோ ஸ்பெயினுக்கு வரவழைத்தார். 244 சிசி டூ ஸ்ட்ரோக் ஒன்றை இருவருமாகச் செதுக்கினார்கள். 1965-ல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை மில்லர் அதில் ஜெயித்தார். பிரிட்டிஷ் அல்லாத வண்டி ஒன்று அங்கே ஜெயித்தது அதுதான் முதல்முறை. பிறகு உலக சாம்பியன்ஷிப் என்று ஒன்று வந்தபோது, 1975-லிருந்து 1979 வரை ஐந்து வருடமும் பட்டம் புல்டாகோவுக்கே போனது.

இந்தப் பெருமையால் பழைய வண்டியைச் சரிசெய்பவருக்கு என்ன லாபம்? லாபம் உண்டு. ஜெயித்த வண்டி நிறைய விற்றது. நிறைய விற்றதால் இன்றைக்கும் நிறைய மிஞ்சியிருக்கிறது. நிறைய மிஞ்சியிருப்பதால், கம்பெனி 1980-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்ட பிறகும் பிஸ்டன், கிளட்ச் பிளேட், கேபிள், மட்கார்டு, அலுமினிய டேங்க் வரைக்கும் இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பார்சலில் வரும் பாகங்களை வைத்தே கிட்டத்தட்ட ஒரு முழு ஷெர்பாவைக் கட்டிவிடலாம்.

எஞ்சினில் கைவைக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கிராங்க்கிலிருந்து (பிஸ்டன் சுழற்றும் தண்டு) கிளட்ச்சுக்கு இதில் பல்சக்கரம் கிடையாது, செயின்தான். அந்தச் செயின் பெட்டிக்குத் தனி எண்ணெய், கியர்பாக்ஸுக்குத் தனி எண்ணெய். பழைய ஷெர்பாவில் அடிக்கடி வரும் நோய், கிராங்க்கின் இடப்பக்க ஆயில் சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இறுகிப்போய்ச் செயின் பெட்டி எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக் குடிப்பது. வண்டி வெள்ளைப் புகையாகத் தள்ளும், பிளக் நனையும், கார்புரேட்டரை எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் சரியாகாது. கண்டுபிடிக்க மெஷின் ஒன்றும் வேண்டாம். செயின் பெட்டி எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, புது எண்ணெயை அளவுக் குப்பியில் அளந்து ஊற்றுங்கள். ஒரு நாள் ஓட்டிவிட்டுத் திரும்ப வடித்து அளந்து பாருங்கள். தரையில் சொட்டு இல்லாமல் எண்ணெய் மட்டும் குறைந்திருந்தால் சீல்தான், வேறெதையும் தேட வேண்டாம்.

எதிர்ப்பக்கச் சீல் போனால் அறிகுறி வேறு. அந்தப் பக்கம் வெளிக்காற்று உள்ளே போவதால் கலவை மெலிந்து, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். இதைச் சாதாரண ஐட்லிங் தொல்லை என்று நினைத்துத் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தால் பிஸ்டன் போய்விடும். சீல் விலை சொற்பம். அதைப் போட கிராங்க் முனையில் இருக்கும் மேக்னட் என்ற காந்தச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அதற்கு இழுத்துக் கழற்றும் சரியான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டி எடுத்த மேக்னட்டும் முனை நசுங்கிய கிராங்க்கும் விற்பனைக்கு வரும் வண்டிகளில் சர்வசாதாரணம்.

கியர் லிவர் வலப்பக்கம், பின் பிரேக் இடப்பக்கம். இன்றைய பைக் ஓட்டுபவருக்கு உதறல் எடுக்கும். பழைய சென்னை புல்லட் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. சொல்லப்போனால் புல்லட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஸ்பானிஷ் வண்டிகள் வருவதற்கு முன்னால், 1952-லும் 1957-லும் இதே ஸ்காட்லாந்து டிரையலை ஜானி பிரிட்டைன் ஜெயித்தது ராயல் என்ஃபீல்டில். 2019-ல் 'புல்லட் டிரையல்ஸ்' என்று விற்றார்களே, அது அந்த நினைவுக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. பெரிய ஷெர்பாவை 350 என்பார்கள், உண்மையில் 326 சிசி. முதல் வண்டியாக அது வேண்டாம். உதைத்து எழுப்பவே தனித் தெம்பு வேண்டும், திருப்பி உதைத்தால் கணுக்கால் பேசும். 250 போதும்.

கோட்டா 247

1968-ல் வந்தது. 1959-லிருந்து தொடர்ந்து 11 வருடம் பிரிட்டிஷ் சாம்பியனாக இருந்த மில்லரின் ஓட்டம் 1970-ல் முடிந்தது. முடித்துவைத்த கார்டன் ஃபார்லி ஓட்டியது மான்டேசா. அப்படியிருந்தும் பழைய வண்டிச் சந்தையில் கோட்டாவுக்கு ஷெர்பா அளவுக்கு மவுசு இல்லை. என் கணக்கில் இது கோட்டாவுக்கு நடந்த அநியாயம், வாங்குபவருக்கு அதிர்ஷ்டம்.

காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. இங்கே கிளட்ச்சுக்குச் செயின் இல்லை, சாய்ந்த பல் வெட்டிய கியர். செயின் தளர்ந்து பெட்டிச் சுவரை உரசும் தொல்லை கிடையாது, மாற்ற வேண்டிய உருப்படியும் ஒன்று குறைவு. மற்றபடி பாகங்களின் நிலை ஷெர்பாவுக்கு ஒரு படி கீழே, ஒஸ்ஸாவுக்கு மேலே. மான்டேசா மற்ற இரண்டு ஸ்பானிஷ் கம்பெனிகளைப் போல மூடப்படவில்லை. ஹோண்டா கைகொடுத்து எடுத்துக்கொண்டது, கோட்டா என்ற பெயரில் இன்றும் டிரையல்ஸ் வண்டி வருகிறது. அதற்காகப் பழைய வண்டிக்கு ஹோண்டா ஷோரூமில் பாகம் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். பெயர் பிழைத்ததால் பழைய வண்டிகளை வைத்திருப்பவர்களும் கலையாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான் பலன்.

கோட்டாவின் அழகு அதன் டேங்க். டேங்கும் சீட்டும் ஒரே வார்ப்பாக, நீளமாக, சிவப்பாக, ஃபைபர் கிளாஸில் செய்தது. கோட்டாவின் சனியனும் அதே டேங்க்தான்.

டேங்க் விவகாரம்

ஃபைபர் டேங்கை உருவாக்கிய பிசின் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குத் தாங்கியது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காது. பிரிட்டனில் 2021-லிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். நம் ஊர் பங்க்கில் 20 வந்துவிட்டது என்பதால் இந்த வலி நமக்கும் புரியும். டேங்கின் உள்சுவர் மெல்ல இளகி, பழுப்புப் பிசினாக இறங்கி, கார்புரேட்டரில் ஊசியையும் ஸ்லைடையும் ஒட்டவைக்கும். காலையில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் அசையாது. விரலால் தொட்டால் பலாப்பால் மாதிரி இழுக்கும். சமயத்தில் அது எஞ்சின் வரை போய் ரிங்கையும் பிடித்துக்கொள்ளும்.

வழி மூன்று. எத்தனால் தாங்கும் எபாக்ஸியை உள்ளே ஊற்றிப் பூசலாம். ஆனால் பழைய பிசின் ஏற்கெனவே இளகியிருந்தால் பூச்சு உரிந்து வந்துவிடும், அப்போது முன்னைவிட மோசம். அலுமினியத்தில் செய்த மாற்று டேங்க் வாங்கலாம். ஷெர்பாவுக்கு இதுதான் நேர்வழி. பிரிட்டனில் 1970-களில் சாலை வண்டிக்கு ஃபைபர் டேங்க் கூடாது என்று சட்டம் வந்ததால் அங்கே போன ஷெர்பாக்களில் அலுமினிய டேங்க் அப்போதே வந்தது. கோட்டாவுக்கு மூன்றாவது வழி அழகு. மேல்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அடிப்பாகத்தை வெட்டி, உள்ளே சின்னதாக ஒரு தனி டேங்கை ஒளித்துவைப்பது. டிரையல்ஸுக்கு ரெண்டு மூன்று லிட்டர் போதும் என்பதால் இது செல்லுபடியாகிறது. வெளியே பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஒஸ்ஸா மார்

மார் என்பது 'மிக் ஆண்ட்ரூஸ் ரெப்ளிகா'. 1970, 71, 72 என்று மூன்று வருடம் ஸ்காட்லாந்தை அவர் ஒஸ்ஸாவில் வரிசையாக ஜெயித்தார். நான்கில் கைக்கு மிக லேசாகப்படும் வண்டி இதுதான். மற்றவை சொன்ன பிறகு திரும்பும், இது நினைத்ததும் திரும்பும். ஓட்டியவர்கள் விடமாட்டார்கள்.

சரிசெய்பவருக்கு மட்டும் இது முள். எடையைக் குறைக்கச் சில வார்ப்புகளை மக்னீசியத்தில் செய்தார்கள். ஈரக் கொட்டகையில் பல வருடம் கிடந்த மக்னீசியம் உள்ளே அரித்து மாவாகியிருக்கும். பெயின்ட் அடித்து விற்பவரிடம் கத்தி முனையால் மெல்லச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அடுத்தது இக்னிஷன். மோட்டோபிளாட் என்ற எலெக்ட்ரானிக் அமைப்பு இதில் உண்டு. அந்தக் காலத்தில் பெரிய சங்கதி, பாயின்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) தேய்ப்பது இல்லை, அதற்கு இடைவெளி வைப்பது இல்லை. ஆனால் எல்லாவற்றையும் பிசினில் போட்டு மூடிவிட்டார்கள். கெட்டால் பிரித்துப் பார்க்க உள்ளே வழி இல்லை. சூடானால் ஸ்பார்க் போய், ஆறினால் திரும்ப வரும் மோட்டோபிளாட் ஆளைப் பைத்தியமாக்கும். மாற்று இக்னிஷன் கிட் கிடைக்கிறது, விலையையும் பட்ஜெட்டில் சேர்த்தே வண்டியைப் பேசுங்கள். ஷெர்பாவிலும் கோட்டாவிலும் பாயின்ட் வைத்த வண்டிகளில் இந்தத் தலைவலி இல்லை. உப்புத்தாளும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் இருந்தால் வழியோரத்திலேயே எழுப்பலாம்.

கம்பெனி போய்விட்டது, விற்ற எண்ணிக்கையும் குறைவு. அதனால் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

டி.ஒய்.250

மிக் ஆண்ட்ரூஸ் 1974-லிலும் 75-லிலும் இதே ஸ்காட்லாந்தை யமஹாவில் ஜெயித்தார். அங்கே ஜெயித்த முதல் ஜப்பான் வண்டி அதுதான். கடையில் விற்ற டி.ஒய். அவர் ஓட்டியதைவிடச் சாதுவானது. 246 சிசி, கலவை திரும்பிப் போகாமல் தடுக்கும் ரீட் வால்வு, கியர் இடப்பக்கம், 2டி ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். ஆர்.எக்ஸ்.100-ஐப் பிரித்துச் சேர்த்தவர் இதைத் திறந்தால் சொந்தத் தெருவுக்குள் நுழைந்த மாதிரி உணர்வார். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவதுதான் போட்டிக்காரர்களின் வழக்கம். எடை குறையும், பம்ப் நின்றுபோய் எஞ்சின் பிடிக்கும் பயமும் இல்லை.

நட்டும் போல்ட்டும் ஒழுங்கு, பேரிங்கும் சீலும் ஸ்டாண்டர்டு சைஸ், கேஸ்கெட் இடம் மாறிக் கசிவது அபூர்வம். ஸ்பானிஷ் வண்டியில் ஒரு ஞாயிறு எடுக்கும் வேலை இதில் மத்தியானத்துக்குள் முடியும். தம்பி வண்டியான டி.ஒய்.175 இன்னும் சுலபம், உடம்பு லேசானவர்களுக்கு அதுவே மேல். குறை என்றால், பாறை முகட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு ஷெர்பா இழுக்கும் அந்த இழுப்பு 250-லும் இல்லை. வேலைக்கும் ஓட்டத்துக்கும் சரி, காதலுக்கு அவ்வளவு சரியில்லை என்பது என் எண்ணம்.

அப்படியானால் எது?

ஓட்டத்தான் வாங்குகிறீர்கள், கையில் கரி படுவதில் ஆசை இல்லை என்றால் டி.ஒய். பிரித்துச் சேர்ப்பதே சுகம், ஆனால் இதுதான் முதல் முறை என்றால் 250 ஷெர்பா. தவறாக எதையாவது உடைத்தாலும் அதன் மாற்று அடுத்த வாரம் வீடு வந்து சேரும். ஒன்றிரண்டு எஞ்சின் பார்த்தவர், காசையும் பார்க்க வேண்டும் என்றால் கோட்டா. என் கை போவது அதற்குத்தான். ஒஸ்ஸா இரண்டாவது வண்டி, முதல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கொட்டகை ஓரத்தில் வைத்துப் பொறுமையாகச் செய்ய வேண்டியது.

எதை வாங்கினாலும், குரோமும் பெயின்ட்டும் கடைசி. இவை கீழே விழுவதற்கென்றே பிறந்த வண்டிகள். பளபளவென்று செய்த ஃபிரேமை முதல் பாறையே பார்த்துக்கொள்ளும். காசு போக வேண்டிய வரிசை: கிராங்க் சீல், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ், வீல் பேரிங், பிரேக் ஷூ, பின் ஷாக், டயர். ஸ்விங் ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கொஞ்சம் ஆடினாலும் வண்டி பாறையில் தன்னிஷ்டத்துக்குப் போகும். பின் டயரில் காற்று 4, 5 பி.எஸ்.ஐ.தான் வைப்பார்கள் என்பதால் ரிம்மில் டயரைப் பிடித்துவைக்கும் கிளாம்ப் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் டயர் ரிம்மைவிட்டு நழுவிச் சுற்றி, டியூபின் மவுத் அறுந்துவிடும்.