மங்கலான நட்சத்திரம் தேடுறவங்களுக்கு ஸ்டெல்லேரியம் எப்படி?

வானத்தை ஸ்க்ரீன்ல காட்டுற ஸ்டெல்லேரியம் சாஃப்ட்வேர் அழகா இருக்கு, ஃப்ரீயா கெடைக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க, சரிதான், ஆனா அதோட நிஜமான பலம் பர்னார்டு நட்சத்திரம் மாதிரி மங்கலான ஒண்ணைத் தேடும்போதுதான் தெரியும். நான் சொல்றது கம்ப்யூட்டர் வெர்ஷன் பத்தி.

பர்னார்டு நம்மகிட்ட இருந்து சுமார் 6 ஒளியாண்டு தூரம்தான், ஆனா சிவப்புக் குள்ளன்கிற சின்ன, மங்கலான வகைங்கிறதால மேக்னிட்யூட் (வெளிச்ச அளவு, நம்பர் கூடக்கூட மங்கல்) 9.5, வெறுங்கண்ணுக்குச் சுத்தமா தெரியாது. போதாக்குறைக்கு வருஷத்துக்கு 10.3 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரில 3600-ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) நகருது, வேற எந்த நட்சத்திரமும் வானத்துல இவ்ளோ வேகமா எடம் மாறுறதில்ல, அதனால 2000-ஆம் வருஷக் கணக்குல போட்ட மேப்பை வச்சுத் தேடினா அது வடக்கே 4 ஆர்க்மினிட்டுக்கு (ஒண்ணு 60 ஆர்க்செகண்ட்) மேல தள்ளிப் போயிருக்கும். ஸ்டெல்லேரியம் நீங்க குடுக்குற தேதிக்குக் கணக்குப் போட்டுக் காட்டுது, எஃப்3 தட்டி பேரை டைப் பண்ணா போதும்.

ஸ்டெல்லேரியத்துக்குள்ளயே இருக்குற ஆக்யுலர்ஸ்ங்கிற ப்ளக்இன்னை மறக்காம ஆன் பண்ணுங்க, இதுதான் உயிர்நாடி. உங்க டெலஸ்கோப், ஐபீஸ் (கண்ணு வச்சுப் பாக்குற லென்ஸ்) விவரத்தைக் குடுத்தா வட்டத்துக்குள்ள எவ்ளோ வானம் வரும்னு காட்டும், நியூட்டோனியன்கிற கண்ணாடி வச்ச டெலஸ்கோப்ல எல்லாம் தலைகீழா தெரியும்ல, அதுக்கேத்த மாதிரி படத்தையும் திருப்பி வச்சுக்கலாம். மேக்னிட்யூட் லிமிட்டை 10 பக்கம் எறக்கிடுங்க, இல்லாட்டி உங்க கண்ணுக்கு வராத நட்சத்திரமெல்லாம் ஸ்க்ரீன்ல கொட்டிக் கெடக்கும், எது எதுன்னே புரியாது. அப்புறம் 66 ஒபியூக்கிங்கிற நட்சத்திரத்தைப் பிடிங்க, அங்கருந்து ஒரு டிகிரிகூட இல்ல, கொஞ்சம் வடமேற்கா போனா பர்னார்டு. ஜூன், ஜூலை ராத்திரி நல்ல நேரம்.

நைட் மோட் போட்டா ஸ்க்ரீன் செவப்பா மாறும், ஆனா லேப்டாப் ஸ்க்ரீனோட வெளிச்சம் அப்பவும் கண்ணைக் கெடுக்கும், பிரைட்னஸைத் தனியா கொறைச்சே ஆகணும். கண்ணு இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், ஒரு தடவை பளிச்சுனு பாத்துட்டா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதனால வட்டத்தைப் பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டுப் போறது இன்னும் நல்லது. நேரா முறைச்சுப் பாக்காம கடைக்கண்ணால பாருங்க, மங்கலானது அப்பதான் பிடிபடும்.

வரைஞ்ச பேப்பர்ல தேதி போட்டுப் பத்திரமா வைங்க, சில வருஷம் கழிச்சு நல்ல பவர்ல பாத்தா பக்கத்து நட்சத்திரங்களை விட்டு அது நகர்ந்திருக்கிறது உங்க கண்ணுக்கே தெரியும்.