கேன்வாஸ் வண்டிக்குள் ஜன்னல் ஏசி: டெக்சஸ் கோடைகளில் கண்ட பலன்

டெக்சஸ் மாநிலத்தில் மே முதல் செப்டம்பர் வரை பாப்-அப் கேம்பரில் (காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று, கூரையைத் தூக்கி விரிக்கும் மடிப்பு வண்டியில்) குழந்தைகளோடு தங்க விரும்புகிறவர்களுக்கு ஏசி அவசியத் தேவை என்பது பல கோடைகளின் அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது. பகலில் வெளியே 38 டிகிரி செல்சியஸ் வெயில் அடிக்கும்போது, சுவர்களெல்லாம் கேன்வாஸ் துணியாக உள்ள இந்த வண்டியின் உட்புறம் வெளியை விடவும் சூடாகிவிடுகிறது. இரவு 11 மணிக்குப் பிறகும் மெத்தையில் அந்தச் சூடு தங்கியிருக்கிறது. எங்கள் பழைய வண்டியில் ஏசி இல்லை. சாதாரண 5,000 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) ஜன்னல் ஏசி ஒன்றை வாங்கி, வண்டியில் எதையும் அறுக்காமல் பொருத்தி, ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தி வருகிறோம். அதன் பலனையும், அது தன் வேலையைச் செய்ய நாம் செய்துதர வேண்டியவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

கூரை ஏசியைத் தவிர்த்ததற்கான காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் கூரையின் நடுவே ஏசிக்கென்றே பதினாலேகால் அங்குலச் சதுரத் திறப்பும், பாரம் தாங்கும் சட்டமும், தனி மின்கம்பியும் தொழிற்சாலையிலேயே அமைத்துத் தருகிறார்கள். அந்த ஏற்பாடு உள்ளவர்கள் யோசிக்காமல் கூரை ஏசியே போட்டுக்கொள்ளலாம். அது இல்லாத பழைய வண்டியில் 70 முதல் 100 பவுண்டு வரை எடையுள்ள இயந்திரத்தைக் கூரையில் ஏற்றினால், விஞ்ச் (கேபிள் சுற்றும் உருளை) கைப்பிடியைச் சுழற்றிக் கூரையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாரம் முழுவதும் மெல்லிய எஃகுக் கேபிள்கள் மீதும், நான்கு மூலைத் தூண்கள் மீதும் விழும். கேபிள் அறுந்தால் செலவு பெரிது, ஆபத்து அதைவிடப் பெரிது. நடுப்பகுதி தொய்ந்த கூரையில் மழைநீர் தேங்கி, ஏசியின் ரப்பர் வளையத்தைச் சுற்றி உள்ளே கசிவதும் உண்டு.

நம் ஊர்க் கணக்கில் ஒரு டன் என்பது 12,000 பிடியூ. கூரை ஏசிகளில் பரவலாக விற்கும் 13,500 பிடியூ வகை ஒரு டன்னுக்குச் சற்று மேல். நாங்கள் வைத்திருக்கும் 5,000 பிடியூ அரை டன் கூட இல்லை. இவ்வளவு சிறியது போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பகல் இரண்டு மணி வெயிலில், நிழலே இல்லாத இடத்தில் அது போதாது என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் சூரியன் சாய்ந்தபின் அது வண்டியை 24 டிகிரிக்குக் கொண்டுவந்து விடியும்வரை அப்படியே வைத்திருக்கிறது. பகலில் ஆற்றிலும் ஏரியிலும் இருந்துவிட்டு உறங்க மட்டும் உள்ளே வருகிற எங்களுக்கு அதுதான் வேண்டும்.

பொருத்திய முறை எளிது. பின்பக்கப் படுக்கைப் பலகையை வெளியே இழுத்தபின், கேன்வாஸின் கீழ் விளிம்பு பலகைக்கு அடியில் ரப்பர் கயிற்றால் கொக்கிகளில் மாட்டியிருக்கும். ஒரு மூலையில் அந்தக் கயிற்றை மட்டும் கழற்றி, மெத்தையை நகர்த்தி, முக்கால் அங்குல பிளைவுட் பலகை மீது ஏசியை வைத்து, அதன் பின்பாதி முழுவதும் வெளியே இருக்கும்படி தள்ளுகிறேன். பக்கவாட்டில் உள்ள காற்றுத் துளைகள் துணிக்குள் அடைபடக் கூடாது. அவை வழியாகத்தான் கன்டென்ஸர் (வெப்பத்தை வெளியே விடும் பின்பகுதி) காற்றை இழுக்கிறது, அடைத்தால் கம்ப்ரஸர் சூடாகி நின்றுவிடும். ஏசியைச் சுற்றிய இடைவெளிக்குத் தடித்த கேன்வாஸில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த உறை ஒன்று. ஏசியின் கழுத்தை அது இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பின்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருக்குமாறு முன்புறத்தின் கீழே ஒரு மரக்கட்டை. பின்தட்டில் தேங்கும் நீரை விசிறியின் விளிம்பு வளையம் அள்ளிக் கன்டென்ஸர் மீது தெளிப்பதால் குளிர்ச்சி கூடுகிறது. அந்தச் சலசலப்பைக் கேட்டுப் பழுது என்று நினைத்துத் தட்டில் துளை போட வேண்டாம்.

பயணத்தின்போது ஏசியை நிமிர்ந்த நிலையிலேயே, வண்டியின் தரையில் அச்சுக்கு நேர் மேலே வைத்துப் பட்டையால் கட்டுகிறோம். படுக்கப் போட்டால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும்.

எங்கள் அனுபவத்தில், குளிர்ச்சியைத் தீர்மானிப்பதில் ஏசியின் அளவை விட முக்கியமானது வெயில் மறைப்பு. இரு பக்கப் படுக்கைகளின் கேன்வாஸ் கூரை மீதும் வெள்ளி நிறப் போர்வையை விரித்துக் கிளிப் போட்ட கோடையில்தான், அதே ஏசி வேறொரு ஏசி போலக் குளிர்விக்கத் தொடங்கியது. துணியைத் தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: போர்வை இல்லாத இடத்தில் உள்ளங்கையை வைத்திருக்க முடியாது, போர்வைக்குக் கீழே வெதுவெதுப்பு மட்டுமே. ஜன்னல்களுக்கு அலுமினியப் பூச்சுள்ள குமிழித் தாளை அளவாக வெட்டி, வெல்க்ரோ ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்தது காற்றுக் கசிவு. கதவின் மேல்பாதியைச் சுற்றியும், படுக்கைப் பலகை வண்டியோடு சேரும் இடத்திலும் விரல் நுழையும் இடைவெளிகள் இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் கீழே உள்ள சந்துகள் வழியாகவே அது முதலில் வெளியேறுகிறது. பழைய துண்டுகளைச் சுருட்டிச் செருகினாலே போதும். ஆளில்லாத படுக்கையின் திரையை இழுத்துவிட்டால் குளிர்விக்க வேண்டிய இடமும் குறைகிறது.

இடத்துக்கு இடம் பலன் மாறுகிறது. ஃப்ரியோ ஆற்றங்கரையில் உள்ள கார்னர் பூங்காவின் மரநிழலில் மாலை ஐந்து மணிக்கே உள்ளே உட்கார முடிகிறது. இங்க்ஸ் ஏரியில் இளஞ்சிவப்புப் பாறைகள் பகல் சூட்டை வைத்திருந்து இரவில் விடுவதால், பத்து மணிவரை ஏசி ஓய்வில்லாமல் ஓடுகிறது. கால்வெஸ்டன் கடற்கரையில் சிக்கல் வெப்பத்தை விட ஈரப்பதம்தான். அங்கே சிறிய ஏசி நெடுநேரம் தொடர்ந்து ஓடுவதே நல்லது. பெரிய ஏசி சட்டென்று குளிர்வித்து நின்றுவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிப் படுக்கை நசநசக்கும். ஆனால் உள்ளே குளிர்ந்திருக்கும் துணியின் வெளிப்பக்கத்தில் கடற்காற்றின் ஈரம் படிந்து, விடியற்காலையில் நீர் வழிகிறது. அதைத் துடைத்து, வெயிலில் உலரவிட்ட பிறகே வண்டியை மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் சில நாள்களிலேயே பூஞ்சை பிடிக்கும். கேன்வாஸை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஏசியின் விலை அற்பம்.

மின்சாரத்தில் சிறிய ஏசியின் சாதகம் பெரியது. டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் மின்வசதியுள்ள இடங்களில் பொதுவாக 30 ஆம்பியர் இணைப்பு கிடைக்கிறது. எங்கள் ஏசி ஓடும்போது இழுப்பது ஏறத்தாழ 4 ஆம்பியர். கூரை ஏசி என்றால் அதுபோல மூன்று மடங்கு. இதனால் இட்லி வேகும்போதும் பிரேக்கர் விழுவதில்லை. நீட்டிப்பு வயர் தேவைப்பட்டால் 12 கேஜ் தடிமனுள்ளதையே வாங்குங்கள். மெல்லிய வயர் சூடாவது தீ விபத்துக்கு வழி. விடுமுறை நாள்களில் எல்லா வண்டிகளும் ஏசி போடும் மாலையில் 120 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கணிசமாகக் குறைவதைக் கண்டிருக்கிறேன். சிறிய வோல்ட் மீட்டரைச் செருகி வைத்து, 105-க்குக் கீழே போனால் அணைத்துவிடுகிறேன். திருகு குமிழ் உள்ள மாடலையே விரும்பி வாங்கினேன், ஏனெனில் மின்சாரம் போய் வந்தாலும் யாரும் எழுந்து பொத்தானை அழுத்தாமல் அதுவாகவே ஓடத் தொடங்கும்.

இத்தனை ஆண்டுகளில் தேய்ந்தவை சில்லறைப் பொருள்கள்தான்: உறையின் எலாஸ்டிக், நுரைப் பட்டை, வெல்க்ரோ. கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது. வசந்தத்தில் வெளியே எடுக்கும்போது பின்புறத் தகடுகளுக்குள் குளவி கட்டிய மண்கூடு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பதும், வடிகட்டியை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கழுவுவதும் தவிர வேறு பராமரிப்பு செய்ததில்லை. இரைச்சல் உண்டு, தலைமாட்டில் ஓடுவதால் முதல் இரவில் உறுத்தும். தூக்கம் இலேசானவர்கள் எதிர்ப்பக்கப் படுக்கையை எடுத்துக்கொள்ளலாம்.

மின்வசதி இல்லாத இடங்களில் தங்குபவர்களுக்கு 1,800 வாட் தொடர்ந்து தரும் சிறிய ஜெனரேட்டர் இந்த ஏசியைத் தாராளமாக ஓட்டும். ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை மாநிலப் பூங்காக்களில் அமைதி நேரம், குளிர்ச்சி வேண்டியதும் அப்போதுதான். 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது சுமார் 1.28 யூனிட் மின்சாரம். 450 வாட் இழுக்கும் ஏசி விடாமல் ஓடினால் அது மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஒரு முழு இரவுக்கு அப்படி மூன்று நான்கு பேட்டரிகள் வாங்கும் பணத்தில், கோடைகள் பலவற்றுக்கு மின்வசதியுள்ள இடங்களையே முன்பதிவு செய்துவிடலாம். நாங்கள் அதைத்தான் செய்கிறோம்.