மே மாதத்தில் உறை இறக்க வருபவர்களிடம் கவனம்

எங்கள் வீடு சென்னையில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கம். முழுக்கக் களிமண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டைச் சுற்றி முழங்கால் தண்ணீர், வடிய ஐந்து நாள் ஆனது. அடுத்த மழைக்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில்தான் ஒரு காண்ட்ராக்டரிடம் மாட்டினோம்.

மே மாதம் வந்து பார்த்தார். "நாலு மூலையிலும் உறை இறக்கிடலாம் சார். சுத்தி ஓட்டை போட்ட பைப், மேல ஜல்லி. எவ்வளவு பெஞ்சாலும் பூமி குடிச்சிரும்" என்றார். உறை என்றால், மழைத்தண்ணீர் பூமிக்குள் இறங்குவதற்காகக் குழிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கும் சிமென்ட் வளையம். முதல் குழி முடிந்ததும் இரண்டு டிரம் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அரை மணி நேரத்தில் சொட்டுக்கூட இல்லை. அதை நம்பி ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீதுகூட வாங்கவில்லை.

அந்தச் சோதனைதான் ஏமாற்று வேலை. கோடையில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஊற்றும் தண்ணீர் வெடிப்பில் ஓடிவிடும். மழை விழுந்ததும் அதே மண் ஊறி உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். போதாததற்கு, ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் நிலத்தடி நீரே மேலே ஏறிவிடும். அக்டோபரில் பெய்த முதல் பெரிய மழைக்கு மறுநாள் மூடியைத் தூக்கினேன். விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது. மழைத்தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டிய குழி, அடியிலிருந்து ஊறியே நிரம்பியிருந்தது. அடுத்த மழைக்கு வாசலில் பழையபடி முழங்கால் தண்ணீர். கழிவறையிலும் தண்ணீர் இறங்கவில்லை. எண்பது வயது அம்மாவைப் பக்கத்து வீட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

போன் செய்தால், "மழை ஜாஸ்தி சார், நான் என்ன பண்றது" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை.

தண்ணீர் வடிந்ததும், தெரிந்த மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்து பைப்பைத் தோண்டினோம். ஜல்லி மேலே ஒரு விரல் கனம்தான். கீழே உடைந்த டைல்ஸ், சிமென்ட் சாக்கு, தெர்மோகோல். பைப்பைச் சுற்றி வடிகட்டும் துணி இல்லாததால் ஓட்டையெல்லாம் சேறு அடைத்திருந்தது. டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துப் பார்த்தால், தண்ணீர் போய்ச் சேரவேண்டிய முனை இரண்டு அங்குலம் மேலே இருந்தது! "வாட்டமே இல்லையே சார். சரி, வாட்டம் கொடுத்திருந்தாலும் தண்ணி போறதுக்கு இடம் எங்க?" என்று கேட்டார் மேஸ்திரி. இதை நான் மே மாதமே கேட்டிருக்க வேண்டும்.

களிமண் பகுதியில் இருப்பவர்கள், உறை இறக்கச் சம்மதிக்கும் முன் மழைக்காலத்தில் இரண்டடிக் குழி தோண்டிப் பாருங்கள். ஊற்றாமலே தண்ணீர் ஊறினால் அங்கே உறை வேலைக்கு ஆகாது. பைப்புக்கு நூறு அடிக்கு ஓர் அடியாவது வாட்டம், அதாவது சரிவு, வேண்டும், அதை டியூப் லெவலில் நீங்களே நின்று பாருங்கள். பள்ளத்தை மூடும் முன் போட்டோ எடுங்கள். கடைசித் தவணையை முதல் பெருமழை வரை நிறுத்தி வையுங்கள். இதற்குச் சம்மதிக்காத ஆளிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

இப்போது ஒரு மூலையில் தொட்டி கட்டி, மோட்டார் வைத்துத் தெரு மழைநீர்க் கால்வாய்க்கு ஏற்றுகிறோம். கால்வாய் நிரம்பினால் தண்ணீர் திரும்பி வராதபடி குழாயில் வால்வு உண்டு. அந்தக் காண்ட்ராக்டர் போன வாரம் எங்கள் பின் தெருவில் இரண்டு டிரம் தண்ணீரோடு நின்றிருந்தார். அந்த வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.