கண் மஞ்சளித்தால்: ஏ வகையா, பி வகையா?

கோத்தகிரிப் பக்கம் கண் மஞ்சளித்தால் உடனே கீழாநெல்லிதான். எந்தக் காமாலை என்று கேட்பவர்கள் குறைவு.

ஹெபடைடிஸ் ஏ, பி இரண்டுமே கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள். ஏ வகை தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவும். மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீரில் கழிவு கலந்தால் எஸ்டேட்டில் ஒரு லைன் வீடுகளே படுத்துவிடும். ஆனால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும், உடம்பில் தங்காது. கீழாநெல்லிக்குப் பேர் கிடைத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பி வகை ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாக வருவது. சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கிவைப்பது அந்த மனுஷருக்குச் செய்யும் அநியாயம். பகிரக்கூடாதது பிளேடு, ஊசி, டூத்பிரஷ் மாதிரி ரத்தம் படக்கூடியவைதான். வெளியே காய்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் தாங்கும்.

பெரியவர்களுக்குத் தொற்றினால் 100க்கு 95 பேருக்கு உடம்பே விரட்டிவிடும். பச்சிளம் குழந்தைக்குத் தொற்றினால் தலைகீழ்: 100க்கு 90 பேருக்கு நிரந்தரமாகத் தங்கும். கண்ணில் மஞ்சளே தெரியாமல் பல வருடம் கழித்து சிரோசிஸாகவோ (கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போவது) கல்லீரல் புற்றுநோயாகவோ வந்து நிற்கும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

தடுப்பூசி இரண்டுக்கும் உண்டு. அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைப்பது பி வகைக்கு: பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று, பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியோடு. கர்ப்பிணிகள் பி வகை வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏஜி ரத்தப் பரிசோதனையை முதல் செக்கப்பிலேயே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.