பூச்சுக்குப் பின்னால் இருந்தது சீமெந்துப் பைக் கடதாசி: கிளிநொச்சியில் பழைய கட்டடம் திருத்துவோர் கவனத்திற்கு

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் எங்களுக்கு ஒரு பழைய கடை உண்டு. 1970களில் நெல் வாங்கி விற்பதற்காக அப்பா கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கற்சுவர், ஓட்டுக் கூரை. 2008 இல் இடம்பெயர்ந்து 2010 இல் திரும்பியபோது ஓடும் இல்லை, வளையும் இல்லை, கதவு நிலைகளைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். தகரம் போட்டுப் பல ஆண்டுகள் சாமான் அறையாக வைத்திருந்த பின், கீழே இரண்டு கடைகளும் மேலே குடியிருக்க ஒரு வீடுமாக அதை மாற்றலாமென்று சென்ற ஆண்டு முடிவெடுத்தேன்.

வேலையை ஏற்ற ஒப்பந்தகாரரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவர் பேசிய விதத்தை எழுதலாம், ஏனெனில் அதே பேச்சை வேறு வாய்களிலிருந்தும் கேட்டிருக்கிறேன். முதல் நாள் சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “ரீச்சர், ஷெல்லுக்கே அசையாத சுவர் இது. தூண் எழுப்பிக் காசைக் கரைக்காதேங்கோ” என்றார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஓட்டுக் கூரையைத் தாங்குவதற்காக வெட்டிய அத்திவாரத்தின்மேல் ஐந்து அங்குலக் கொங்கிறீற்றுத் தட்டை ஏற்றினால், ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 300 கிலோ எடை இறங்கும் என்பதையும், அதற்கு மேல் வீட்டுச் சுவர்களும் தண்ணீர்த் தாங்கியும் ஆட்களும் சேரும் என்பதையும் நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை.

வவுனியாவில் படிப்பிக்கும் நான் சனி, ஞாயிறில் மட்டுமே போய்ப் பார்த்தேன். மற்ற நாட்களில் வட்சப்பில் படங்கள் வரும், படம் வந்தவுடன் பணம் போகும். மொத்தம் 48 இலட்சம் பேசிய வேலைக்கு இப்படி 32 இலட்சம் கொடுத்திருந்தேன். இப்போது அந்தப் படங்களை மீண்டும் பார்க்கும்போது தெரிகிறது, அவற்றில் ஒன்றுகூடப் பூச்சுக்கு முந்தையது அல்ல.

கார்த்திகை மழை தொடங்கிய வாரம், கடை வாசலுக்கு மேல் குறுக்கே சுவரைத் தாங்கும் கொங்கிறீற்று வளையான லிண்டலின் மூலையிலிருந்து மேல்நோக்கிச் சரிவாக ஒரு விரிசல் ஓடியது. “புதுப்பூச்சு காயும்போது வெடிக்கும், பட்டி பார்த்துப் பெயின்ற் அடித்தால் சரி” என்றார் ஒப்பந்தகாரர். எனக்குத் தெரிந்த பொறியியலாளர் ஒருவர் வந்து, விரிசலுக்குக் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தால் ஒட்டிவிட்டுப் போனார். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும் என்றார். ஒன்பதாம் நாள் அது இரண்டாக உடைந்திருந்தது.

அதன்பின் உளி வைத்துப் பூச்சை உடைத்தோம். ஷெல் துண்டு துளைத்த பழைய குழியொன்றுக்குள் சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கித் திணித்து, அதன்மேல் அரை அங்குலம் பூசியிருந்தார்கள். பழைய லிண்டலின் கம்பி பனஞ்சிராம்பு போலப் படை படையாக உரிந்து கையோடு வந்தது. துருப்பிடித்த கம்பி முன்னிருந்ததைவிடப் பருத்துக் கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும் என்பதால், அந்த லிண்டலை உடைத்து எடுத்துப் புதிதாக வார்த்திருக்க வேண்டும். அவர்கள் அதற்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.

பிரதேச சபை அனுமதிக்கென்று ஒப்பந்தகாரர் 85,000 ரூபா தனியாக வாங்கியிருந்தார். நானே நேரில் போய்க் கேட்டபோது எங்கள் பெயரில் விண்ணப்பமே இல்லை. வேலை தொடங்குமுன் முத்திரையிட்ட வரைபடத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சதமும் கொடுத்திருக்கக் கூடாது. அவர் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கிடையே இருந்தது கொப்பித்தாளில் எழுதி முத்திரை ஒட்டிய ஒரு பக்கம் மட்டுமே. எந்த வேலை எவ்வளவு, என்ன விலை என்று எழுதிய அளவைப் பட்டியல் இல்லை, வேலை முடிந்து ஓராண்டுக்குப் பின் கொடுப்பதற்கென்று பிடித்துவைத்த பணமும் இல்லை.

பழைய கட்டடம் திருத்த நினைப்பவர்கள், விலை பேசுமுன்பே நாலைந்து இடங்களில் பழைய பூச்சைத் தட்டி எடுத்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மறுப்புச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் நீங்களே படமெடுங்கள்.

படிக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வெளியே எழுப்பினால் செலவென்று அதை மருந்துக்கடைக்கு ஒதுக்கிய அறைக்குள்ளேயே கட்டிவிட்டார். இரவில் கடைக்காரர் சட்டரை இழுத்துப் பூட்டினால் மேல்வீட்டார் இறங்க வழியில்லை. மின்மானியும் ஒன்றுதான், கடைக்கும் வீட்டுக்கும் கட்டண வகை வேறென்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மருந்துக்கடை எடுக்க இருந்தவர் முற்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இணக்க சபைக்கு அழைத்தோம், ஒப்பந்தகாரர் முதல் தவணைக்கு வந்தார், இரண்டாவதற்கு வரவில்லை. தட்டின் கீழ் இப்போது பதினான்கு இரும்பு முட்டுகள் நிற்கின்றன, அவற்றுக்கு நாள்வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.